பழைய கற்சுவருக்குப் புதுப் பூச்சு

கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு முன்னோர் எழுப்பிய சுவர் பொரிந்து உதிரத் தொடங்கியதும், பழைய பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டுச் சிமெண்டால் கெட்டியாகப் பூசிவிட்டால் இனிக் கவலையில்லை என்பது பொதுவாக நிலவும் அபிப்பிராயம். கெட்டியான பொருளே உறுதி தரும் என்ற அனுமானம் இயல்பானதுதான். ஆயினும் இந்த விஷயத்தில் அது பெரும்பாலும் விபரீதமாகவே முடிகிறது.

அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரமும் மழைச் சாரலில் ஊறும் ஈரமும், நுண்ணிய துவாரங்கள் நிறைந்த சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிக்கொண்டிருந்த வரையில் சுவருக்குக் கேடு இல்லை. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாண்டு சிமெண்டின் வழிவந்த இன்றைய சிமெண்டோ அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிடுவதால், தேங்கிய நீரில் கரைந்து வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் உறைந்து, பழைய சாந்தைப் பொடியாக்கி, கல் மிருதுவானதாயின் அதன் மேனியையும் அரித்து, கடைசியில் அந்தக் கெட்டிப் பூச்சையே பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளுகிறது.

ஆகவே அனுபவமுள்ள கொத்தனார், கரண்டியைக் கையில் எடுப்பதற்கு முன் ஈரம் வரும் வழியைத் தேடுகிறார்: கூரைத் தண்ணீர் விழும் இடம், ஒழுகும் குழாய், சுவரை ஒட்டி உயர்ந்துவிட்ட தெருமண். அவற்றைச் சரிசெய்த பிறகே, சுத்தியல் காம்பால் சுவரைத் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் பூச்சை மட்டும் நீக்கி, இடுக்குகளில் மாவாகிப்போன சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசி போகக் கழுவி, அகன்ற இடுக்குகளில் கற்சில்லுகளைச் செருகிச் சாந்திட்டு நிரப்புகிறார்.

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு, நீரில் நீற்றி ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரை அல்லது மூன்று பங்கு மணல் சேர்த்து அரைத்த சாந்து, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மீண்டும் கிரகித்துக்கொண்டுதான் மெல்ல இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அதில் சேர்ப்பது நம் நாட்டு வழக்கம். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மேற்படாமல் ஒரு பூச்சுப் பூசி, அது இறுகிய பின்னரே அடுத்ததைப் பூசி, வெயில் சுடாதபடி ஈரச்சாக்கால் மூடிக் காப்பது அவசியம். அவசரமாக உலர்ந்த பூச்சு வெடிக்கும், கை வைத்தால் மாவாக உதிரும்.

முன்பே சிமெண்டு பூசிய சுவரானால், கல்லோடு இறுகப் பற்றியிருக்கும் பகுதியைப் பலவந்தமாகப் பெயர்ப்பதும் கூடாது. கல்லின் முகமும் உடன் பெயர்ந்து வந்துவிடும். பூச்சு தேய்வதற்கென்றே இருப்பது. தேய்ந்தால் மறுபடி பூசலாம். அது தேயாமல் நிற்க, அதன் பின்னாலிருக்கும் கல் தேய்வதுதான் நஷ்டம்.