கை தூக்குவதற்கு முன்னால்

அக்டோபர் 2. சூளகிரி ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. கிராம சபை பதினொரு மணிக்குத்தான். நான் ஒன்பதரைக்கே அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டேன். சத்தம் போடாமல் நீங்களும் வாங்க!

உள்ளே ஒரே களேபரம். பிளீச்சிங் பவுடர் மூட்டை மேல் தெருவிளக்கு பல்புகள், அதன் மேல் மாலைக்குக் காத்திருக்கும் காந்தி. சட்டை முதுகோடு ஒட்ட, வரவு செலவு பேனரின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருக்கிறார் ஊராட்சிச் செயலர். அவர் கவலை வேறு: 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊரென்றால் 100 பேராவது வர வேண்டும். மரத்தடி ஜமக்காளத்தில் இருப்பதோ நாற்பது!

"கொத்தமல்லி லோடு ஏத்திட்டு வந்துடறோம் சார்!" போனில் ஒரு குரல். கையெழுத்து போட்டால் டீ உண்டா என்று தெலுங்கில் கேட்கிறார் ஒரு பாட்டி. காய்ந்த மைப்பெட்டியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, அவர் கட்டைவிரலைப் பதமாக உருட்டுகிறார் செயலர். நூறு தாண்டியதும் அவர் விட்ட பெருமூச்சு மைக்கிலேயே கேட்டது!

"எல்லாருக்கும் சம்மதமா?" என்கிறார் தலைவரம்மா. கைகள் எழுகின்றன. "சாக்கடை பத்தி எழுதினீங்களா?" பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா. பேனா நிற்கிறது. தீர்மானப் புத்தகத்தில் புது வரி ஏறுகிறது.

இந்தச் சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தமும் இப்படிச் சம்மதம் கேட்டு வந்ததுதான். 1992 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றின. அது மட்டும் போதவில்லை. பாதி மாநிலங்களாவது ஏற்க வேண்டும். 17 சட்டமன்றங்கள் சரி என்ற பிறகே குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். 1993 ஏப்ரல் 24-ல் அமலுக்கு வந்தது.

ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் இப்படிச் சட்டமன்றங்களின் வாசலுக்கு வருவதில்லை. மத்திய அமைச்சரவை முடிவே போதும். பாரிஸ் பருவநிலை ஒப்பந்தத்தை ஏற்கும் ஆவணத்தை இந்தியா ஐ.நா.விடம் கொடுத்ததும் ஒரு காந்தி ஜெயந்தி அன்றுதான், 2016-ல். அங்கே பின்வரிசை அக்கா யாரும் இல்லை!

உற்சாகத்தில் நானும் பேனாவை எடுத்தேன். செயலர் புத்தகத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். "உங்க பேரு எங்க ஊர் வாக்காளர் பட்டியல்ல இல்லையே சார்."

டீ மட்டும் கிடைத்தது.