மீனுக்கு உடம்பு சரியில்லையா? கைப்பிடி உப்பு வேண்டாம்... கிராம் கணக்கு வேண்டும்!

சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனால், ஆக்ஸிஜன் நிரப்பிய பாலிதீன் பையை இரண்டு கையாலும் ஏந்தியபடி பைக்கில் உட்கார்ந்திருக்கும் குட்டீஸைப் பார்க்கலாம். உள்ளே ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், நாலைந்து மோலி. வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாகிவிடும்.

பத்து நாள் கழித்து அதில் ஒன்று மூலையில் ஒதுங்கி நிற்கும். தீனி எடுக்காது. உடம்பெல்லாம் ரவையைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். குழந்தை முகம் வாடியதும் வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: "கொஞ்சம் கல் உப்பு போட்டுப் பாரு, சரியாகிடும்."

சொன்னதில் தப்பில்லை. உப்பு உண்மையிலேயே மீனுக்கு மருந்துதான். மீன் பண்ணைகளிலும், மீன்களை ஊர் விட்டு ஊர் அனுப்பும்போதும் பயன்படுத்துகிறார்கள். சிக்கல் அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஒரு வீட்டில் அது ஒரு சிட்டிகை. எந்தப் பலனும் இருக்காது. இன்னொரு வீட்டில், திருஷ்டி சுற்றிப் போடுவதுபோல ஒரு கைப்பிடி. சின்னத் தொட்டியாக இருந்தால் மீனின் கதையே முடிந்துவிடலாம். பாராசிட்டமாலை யாரும் 'கொஞ்சம்' என்று அள்ளிப் போடுவதில்லை அல்லவா? இதுவும் அப்படித்தான்.

நன்னீர் மீனுக்கு உப்பு எதற்கு?

நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு, அது நீந்துகிற தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மருத்துவமனையில் நமக்கு ஏற்றுகிற சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கும். மீனின் ரத்தமும் சற்றேறக்குறைய அந்த அளவை ஒட்டியதுதான். வெளியே இருக்கும் தண்ணீரிலோ உப்பு மிகக் குறைவு. உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊறி உப்பிக்கொள்ளும் இல்லையா? அதேபோல மீனின் உடம்புக்குள்ளும் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் இடைவிடாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதனால் நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே புகுந்த தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றிக்கொண்டே இருப்பதுதான் அதன் சிறுநீரகத்துக்கு நாள் முழுக்க வேலை. கூடவே வெளியேறுகிற உப்பை ஈடுகட்ட, தண்ணீரில் இருக்கும் துளி உப்பைச் செவுள் பிடித்து உள்ளே அனுப்புகிறது. இத்தனைக்கும் சக்தி செலவாகும். நல்ல உடம்பில் இது தெரியாது. தோலில் புண் வந்து, மேலே இருக்கும் வழவழப்பான படலம் கிழிந்தால், ஓட்டை விழுந்த படகுபோலத் தண்ணீர் இன்னும் வேகமாக உள்ளே ஏறும். நோயோடு போராடுவதா, தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதா?

அந்த நேரத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை உப்பு கலந்தால் உள்ளுக்கும் வெளிக்குமான வித்தியாசம் குறைகிறது. மீனின் சுமை இறங்குகிறது. வழவழப்புப் படலமும் கூடுதலாகச் சுரக்கிறது. மீன் தாங்கிக்கொள்ளும் இந்த உப்பை, அதைத் தாக்கும் பல நுண் ஒட்டுண்ணிகளால் தாங்க முடியாது. உப்பு வைத்தியத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

இதே காரணத்தால், 'சுத்தமான தண்ணீர்' என்று ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே தொட்டியில் ஊற்றுவது மீனுக்கு நாம் செய்யும் நன்மை அல்ல. தாது உப்புகள் நீக்கப்பட்ட அந்தத் தண்ணீரில் மீனின் பாடு இன்னும் அதிகம்.

வெள்ளைப் புள்ளி: மூன்றாம் நாளில் கைவிடாதீர்கள்!

வீட்டுத் தொட்டிகளில் அதிகம் பார்க்கும் நோய் இது. புது மீன் சேர்த்த பிறகோ, மழைக்காலத்தில் தண்ணீர் திடீரெனக் குளிர்ந்த பிறகோ தலைகாட்டும். காரணம், ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளிக்குள் அது மீனின் தோலையே போர்வையாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் உப்பு அதை எட்டாது. எந்த மருந்தும் எளிதில் எட்டாது.

கொழுத்து வளர்ந்ததும் அது மீனை விட்டு உதிர்ந்து அடியில் உள்ள கூழாங்கல், மணல் மேல் ஒட்டிக்கொள்கிறது. அங்கே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. அவை நீந்தி வெளியே வந்து அடுத்த மீனைத் தேடுகின்றன. ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். உப்பு வேலை செய்வது இந்த நீந்தும் குஞ்சுகளிடம் மட்டும்தான்.

இதைப் புரிந்துகொண்டால் இரண்டு தவறுகளைத் தவிர்க்கலாம். முதலாவது, உப்பு போட்ட மறுநாள் புள்ளிகள் குறையாது, கூடக்கூடச் செய்யலாம். முன்பே தோலுக்குள் புகுந்தவை வளர்ந்து கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பதுதான் காரணம். பலரும் மூன்றாம் நாள் 'உப்பு வேலைக்காகவில்லை' என்று வேறு மருந்தை ஊற்றுவது இங்கேதான். பொறுங்கள். நம் ஊர் வெப்பநிலையில் இந்த ஒட்டுண்ணியின் ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நான்கைந்து நாள் உப்பு தொடர வேண்டும். மொத்தத்தில் 10 முதல் 14 நாள் பிடிக்கும்.

இரண்டாவது, புள்ளி உள்ள ஒரு மீனை மட்டும் தனியே எடுத்து வைத்தியம் பார்ப்பது. குஞ்சுகள் தொட்டியின் அடியில் காத்திருக்கின்றன என்பதால் தொட்டி முழுவதற்கும்தான் சிகிச்சை. செடிகள் உள்ள தொட்டி என்றால் உப்பு அவற்றைக் கருக்கிவிடும். அங்கே நோயில்லாதவை உட்பட எல்லா மீன்களையும் ஒரு பெரிய டப்புக்கு மாற்றி, ஏர் பம்ப் வைத்து, அதில் உப்பு போடுங்கள். தொட்டி இரண்டு வாரம் மீன் இல்லாமல் இருந்தால், பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஒட்டுண்ணி தானே அழிந்துவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வரும். அது நோயே இல்லை, வயசுக்கு வந்த அடையாளம்! மீன் சுறுசுறுப்பாக, தீனி எடுத்துக்கொண்டு இருந்தால் உப்பு டப்பாவைத் திறக்க வேண்டாம்.

அளப்பது எப்படி?

முதலில் தண்ணீரின் அளவு. தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். உதாரணத்துக்கு, 60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலத் தொட்டியில் 25 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் என்றால் 45 லிட்டர். கல், அலங்காரப் பொருள்கள் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தொட்டிக்கு லிட்டருக்கு 1 கிராம் என்றால் 40 கிராம் உப்பு. வெள்ளைப் புள்ளிக்கு, கோல்டு ஃபிஷ், மோலி, கப்பி போன்ற தாங்கும் மீன்களாக இருந்தால் முதல் நாள் 40, மறுநாள் 40, அதற்கு மறுநாள் 40 என்று மூன்று தவணையாக 3 கிராம் அளவுக்குக் கொண்டுவரலாம். ஒரேயடியாக வேண்டாம். சமையலறைத் தராசு இருந்தால் அதில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி தூள் உப்பு சுமார் 6 கிராம்; கல் உப்பில் இடைவெளி இருப்பதால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும். உப்பைத் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு சொம்பில் முழுக்கக் கரைத்து, மீன் இல்லாத பக்கமாக மெதுவாக ஊற்றுங்கள். கரையாத கல் மீன் மேல் பட்டால் தோல் வெந்துபோகும்.

இங்கே எல்லோரும் கோட்டை விடும் ஓர் இடம் உண்டு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயிலில் தொட்டி இரண்டு அங்குலம் வற்றினால், நிரப்பும்போது வெறும் தண்ணீர் போதும். அதேநேரம், 10 லிட்டரை வெளியே எடுத்து மாற்றினால், அந்த 10 லிட்டருக்கான உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் உப்பும் போட்டுக்கொண்டே போனால் இரண்டு வாரத்தில் தொட்டி குட்டி மெரினா ஆகிவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும் வீடுகளில் இன்னும் நிதானம் தேவை.

எந்த உப்பு? வேறு எதுவும் கலக்காத கல் உப்பே போதும். கடையில் 'அக்வேரியம் சால்ட்' என்று விற்பதும் அடிப்படையில் இதே சோடியம் குளோரைடுதான். அயோடின் மீனைக் கொன்றுவிடும் என்ற பயம் தேவையில்லை. சாப்பாட்டு உப்பில் அது கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கிறது. தூள் உப்பு கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களைத் தவிர்ப்பதற்குத்தான் கல் உப்பைச் சொல்கிறார்கள். எப்சம் உப்பு முற்றிலும் வேறு சரக்கு. அது மெக்னீசியம் சல்ஃபேட். கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலவை தண்ணீரின் காரத்தன்மையையும் கடினத்தன்மையையும் ஏற்றிவிடும். இரண்டும் இங்கே வேண்டாம்.

புதுத் தொட்டியின் மூன்றாவது வாரம்

நோயே இல்லாமல் மீன் சாகிற வீடுகளும் உண்டு. தொட்டி வாங்கி இரண்டு, மூன்று வாரம் ஆகியிருக்கும். தண்ணீர் பளிங்குபோலத் தெரியும். ஆனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பேறியிருக்கும்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. ஃபில்டரில் வளரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை பாக்டீரியா அதை அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்த இரண்டாவது கூட்டம் குடியேற ஒரு மாதத்துக்கு மேலாகலாம். அதுவரை நைட்ரைட் தேங்கும். அது செவுள் வழியே ரத்தத்தில் ஏறி, ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

உப்பில் இருக்கும் குளோரைடும் நைட்ரைட்டும் செவுளில் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. வாசலில் குளோரைடு கூட்டமாக நின்றால் நைட்ரைட்டால் உள்ளே புக முடியாது. இதற்கு உப்பு மிகக் குறைவாகவே போதும். அந்த 40 லிட்டர் தொட்டிக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி. இது உயிரைப் பிடித்து வைக்கும் முதலுதவி மட்டுமே. கையோடு கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும், சில நாள் தீனியைப் பாதியாக்க வேண்டும். அம்மோனியாவுக்கும், மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரினுக்கும் உப்பு மாற்றாகாது. வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் பரிசோதனை கிட் ஒன்று வீட்டில் இருந்தால் ஊகத்துக்கு வேலையில்லை.

யாருக்கு ஆகாது?

மோலி இயற்கையிலேயே உவர்நீரிலும் வாழக்கூடியது. கப்பி, கோல்டு ஃபிஷ் நன்றாகவே தாங்கும். கோரிடோரஸ், லோச், டெட்ரா வகைகளில் பல, கண்ணாடி துடைக்க வாங்கிவிடுகிற சக்கர் மீன் ஆகியவை இருந்தால் லிட்டருக்கு அரை கிராமில் ஆரம்பித்து, மீனைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். நத்தை, செடிகளை முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள்.

புண்ணில் பஞ்சு ஒட்டியதுபோல வரும் பூஞ்சைக்கும், மீன் பிடிக்கும்போது செதில் உதிர்ந்த காயத்துக்கும் உப்பு நன்றாகக் கேட்கும். ஓரளவு துடுப்பு அழுகலுக்கும் துணை செய்யும். ஆனால் வாயைச் சுற்றி வருகிற வெண்படலம் பஞ்சுபோலத் தெரிந்தாலும் பல நேரம் பாக்டீரியா தொற்றாக இருக்கும், மளமளவென்று பரவும். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழம்போலச் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். குடல் புழுவும் அப்படித்தான். உப்பால் எதுவும் ஆகாது. அந்த நேரத்தில் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவது ஃபில்டரில் வளர்ந்த நல்ல பாக்டீரியாவுக்கும் சேர்த்து வேட்டு வைக்கலாம். கால்நடை மருத்துவரிடமோ, மீன் நோய்களைப் படித்தவர்களிடமோ கேளுங்கள். பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் மீன்வளக் கல்லூரிகளே இருக்கின்றன.

அடர் உப்புக் குளியல் என்று ஒன்றும் உண்டு. 10 லிட்டர் பக்கெட்டில், தொட்டியின் அதே வெப்பநிலையில், 100 கிராம் உப்பைக் கரைத்து, மீனை ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு எடுப்பது. தோலில் ஒட்டியிருக்கும் சில ஒட்டுண்ணிகளுக்கு இது பலன் தரும். மீனை விட்டுவிட்டு போன் பேசப் போய்விடக் கூடாது. மீன் ஒருபக்கமாகச் சாய்ந்தால், நிமிடக் கணக்குப் பார்க்காமல் அந்த நொடியே எடுத்துப் பழைய தண்ணீரில் விட வேண்டும். ஏற்கெனவே துவண்டுபோன மீனுக்கும் குட்டி மீனுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

சிலர் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் தொட்டியில் உப்பு வைத்திருப்பார்கள், சத்து டானிக் மாதிரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. நிஜமாகவே நோய் வரும்போது மேலே ஏற்ற இடமிருக்காது. எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கும் கையை விட்டுப் போயிருக்கும். மீன் தேறியதும் இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, வெறும் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைப் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள்.

வழக்கமாக மீன் தொட்டித் தண்ணீரை மாடித் தோட்டத்துக்கு ஊற்றுகிறவரா நீங்கள்? இந்த இரண்டு வாரத் தண்ணீர் மட்டும் சாக்கடைக்குத்தான். துளசிச் செடிக்கு ஊற்றிவிட்டு, அது ஏன் கருகுகிறது என்று தேடாதீர்கள்.