வாசலறைப் பாட்டி

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம். ஜெர்மனியில் வேலை பார்த்த அண்ணன் கொடுத்த வூபிளஸ் சோலோ2 சாட்டிலைட் ரிசீவர் வீட்டில் இருக்கிறதாம். ஆன் ஆகிறது, மெனு பாதியில் உறைந்துவிடுகிறது. "எடைக்குப் போட்டுடுங்க" என்றாராம் கடைக்காரர். போடாதீர்கள். உள்ளே ஓடுவது லினக்ஸ். ஓபன்பிஎல்ஐ, ஓபன்ஏடிவி போன்ற ஆர்வலர் குழுக்கள் இத்தகைய பெட்டிகளுக்கென்றே ஃபர்ம்வேர் தயாரித்து இலவசமாகத் தருகின்றன. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டிபாக்ஸ்-2, ட்ரீம்பாக்ஸ் பெட்டிகளில் தொடங்கிய மரபு இது.

இந்தப் பெட்டிகளில் என்னை மயக்குவது பூட்லோடர்தான். நானும் ஸ்ரீராம்புரத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். எட்டு வீடு, ஒரு குழாய். வாசலறையில் வீட்டுக்காரப் பாட்டி. குடித்தனங்கள் மாறும், சுண்ணாம்பு அடிப்பார்கள், புதியவர் வருவார். பாட்டி மட்டும் நகரமாட்டார். சொல்லிவைத்த பெயரைச் சொன்னால்தான் சாவி கிடைக்கும்.

பூட்லோடர் அந்தப் பாட்டி. கரண்ட் வந்ததும் முதலில் விழிக்கும் சின்ன நிரல் அது. ஃப்ளாஷ் நினைவகத்தில் தனி மூலையில் இருப்பதால், புது ஃபர்ம்வேர் இமேஜ் ஏற்றும்போது அதன்மேல் கை படுவதில்லை. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, 'வூபிளஸ்' ஃபோல்டருக்குள் 'சோலோ2' ஃபோல்டரை வைத்துச் செருகினால், பாட்டி பெயரைச் சரிபார்ப்பார். ஓர் எழுத்து பிசகினாலும் பேசாமல் பழைய குடித்தனத்தையே எழுப்பிவிடுவார். சரியாக இருந்தால் முகப்புப் பொத்தானை அழுத்தச் சொல்வார்.

ஒருமுறை நான் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போய்விட்டது. பெட்டி செத்தது என்றே நினைத்தேன். கரண்ட் வந்ததும் பென் டிரைவைச் செருகினேன். அதே வாசகம், அதே பொத்தான். குடித்தனம் கலைந்திருந்ததே தவிர, பாட்டி வாசலறையில்தான் இருந்தார்.

ஒரு குறை உண்டு. ட்யூனரையும் படச் சிப்பையும் இயக்கும் டிரைவர்களின் மூலநிரலைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுவதில்லை. அவர்கள் கைவிட்டால் அந்தப் பகுதியில் ஆர்வலர்களால் அதிகம் செய்ய முடியாது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை விற்றவரே முடிவுசெய்வது எனக்கு ஒப்பவில்லை. நம்மூரிலும் டிடிஎச் கம்பெனியை மாற்றினால் நல்ல பெட்டி பரணுக்குப் போகிறது. எந்தச் சேவைக்கும் ஒரே பெட்டி பொருந்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. பரண்கள் இன்னும் நிரம்பித்தான் கிடக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே ஃபர்ம்வேரில் கட்டணச் சேனல்களைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் செருகுநிரல்களைச் சிலர் ஏற்றுகிறார்கள். ஊதியமின்றி இரவெல்லாம் நிரல் எழுதுபவர்களின் பெயரை அது கெடுக்கிறது. அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உங்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் போதும். ஜிசாட்-15 செயற்கைக்கோள், 93.5 டிகிரி கிழக்கு. மாதக் கட்டணம் இல்லை. டிடி தமிழும் சந்தனாவும் வரும். டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்புங்கள். ஐரோப்பாவில் டிவி செயற்கைக்கோள்கள் வானில் தாழ்வாக இருக்கும். பெங்களூரிலிருந்து ஜிசாட்-15 ஏறத்தாழ 66 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஸ்ரீராம்புரத்துச் சந்தில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பினாலும் உங்கள் மொட்டைமாடி டிஷ்ஷுக்கு அநேகமாக மறைக்காது.