அளந்தால்தானே தெரியும் தரம்!

ஒரே நகரில் இரண்டு மருத்துவமனைகள். இரண்டிலும் ஓராண்டில் நூறு பேருக்கு இதய அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. முதல் மருத்துவமனையில் நான்கு பேர் இறந்துபோகிறார்கள். இரண்டாவதில் இரண்டு பேர். இவற்றில் எது நல்ல மருத்துவமனை? கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், புள்ளியியல் பகுதியைத் தொடங்கும் நாளன்று மாணவர்களிடம் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன். பெரும்பாலானோர் தயங்காமல் 'இரண்டாவது' என்பார்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், 'முதல் மருத்துவமனைக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் வந்தார்கள், ஐயா?' என்று கேட்பார். அன்றைய பாடம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

வகுப்பறையில் எழுந்த இந்தக் கேள்வியை ஒரு நாடு தன் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அமெரிக்காவில் மருத்துவம் பெரும்பாலும் தனியாரிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். ஆனால், அதே அமெரிக்காவில் முற்றிலும் அரசே நடத்தும் மாபெரும் மருத்துவ அமைப்பு ஒன்றும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான அந்த அமைப்பில் ஏறத்தாழ 90 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளும், 1,000-க்கும் மேற்பட்ட புறநோயாளிகள் சிகிச்சை மையங்களும் அதன் கீழ் இயங்குகின்றன. கட்டடம் அரசுடையது, மருத்துவர்கள் அரசிடம் மாத ஊதியம் பெறுபவர்கள்.

வியத்நாம் போருக்குப் பிறகு இந்த மருத்துவமனைகளின் பெயர் மிகவும் கெட்டுப்போயிருந்தது. 1989-இல் வெளிவந்த 'பார்ன் ஆன் த ஃபோர்த் ஆஃப் ஜூலை' திரைப்படத்தில் வரும் மருத்துவமனைக் காட்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அவலம் நினைவிருக்கும். இங்கே அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவர்கள் அதிகமாக இறக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, 1985-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அறுவைச் சிகிச்சை இறப்புகளை, நோயாளிகளின் நோய்க் கடுமையைக் கணக்கில் கொண்டு, தேசிய சராசரியோடு ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்றது அச்சட்டம்.

கணக்கிட உட்கார்ந்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. ஒப்பிடுவதற்கு அப்படியொரு தேசிய சராசரியே இல்லை! நோய்க் கடுமையை அளக்கும் முறையும் இல்லை. எனவே, ஷுக்ரி கூரி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் தலைமையில் ஆய்வாளர்கள் அதைப் புதிதாக உருவாக்கினார்கள். 1991 முதல் 1993 வரை 44 மருத்துவமனைகளில், இதற்கெனவே பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒவ்வொரு நோயாளியின் வயது, உடல்நிலை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான 30 நாள்களில் நேர்ந்தவை ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள்.

இதன் அடிப்படை எளிமையானது. ஒருவர் மருத்துவமனைக்குள் நுழையும்போது இருக்கும் உடல்நிலையை வைத்து, அவருக்கு இறப்பு நேரும் வாய்ப்பு எவ்வளவு என்று முதலில் மதிப்பிடுகிறார்கள். எல்லா நோயாளிகளுக்கும் அதைக் கூட்டினால் 'எதிர்பார்க்கத்தக்க இறப்புகள்' எத்தனை என்பது கிடைக்கும். உண்மையில் நிகழ்ந்த இறப்புகளை அதனால் வகுக்க வேண்டும். என் வகுப்பறை எடுத்துக்காட்டுக்கே வருவோம். முதல் மருத்துவமனைக்கு வந்தவர்கள் முதியவர்கள், நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள். அங்கே ஆறு பேர் இறக்கக்கூடும் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் நால்வர். இரண்டாவதற்கு வந்தவர்கள் ஓரளவு உடல்வலிமை உள்ளவர்கள். ஒருவர் இறக்கக்கூடும் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் இருவர். இப்போது சொல்லுங்கள், எது நல்ல மருத்துவமனை?

அமெரிக்க ஆய்விலும் இதுதான் நடந்தது. நோய்க் கடுமையைக் கணக்கில் கொண்டதும் மருத்துவமனைகளின் தரவரிசை மாறியது. தொடர்ந்து ஆண்டுதோறும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதன் கணக்கு அனுப்பப்பட்டது. பின்தங்கியவை தங்கள் குறைகளைத் தேடின. முன்னணியில் இருந்தவற்றிடம் மற்றவை கற்றுக்கொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் 30 நாள் இறப்பு விகிதம் 27 சதவீதமும், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் 45 சதவீதமும் குறைந்தன. பிற்பாடு அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி இம்முறையைத் தனியார் மருத்துவமனைகளுக்கும் கொண்டு சென்றது. பழிக்கப்பட்ட அரசு மருத்துவமனைகளில் பிறந்த அளவுகோலைக் கொண்டுதான் இன்று தனியார் மருத்துவமனைகள் தங்களை அளந்துகொள்கின்றன.

1994-இல் இந்த அமைப்பின் தலைமைக்கு வந்த மருத்துவர் கென்னத் கைசர், அளவீட்டை நிர்வாகத்தின் மையத்துக்கே கொண்டுவந்தார். அமைப்பு 22 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வட்டார நிர்வாகியும் தடுப்பூசி, நீரிழிவுப் பரிசோதனை, மாரடைப்புக்குப் பிந்தைய மருந்துகள் என எண்ணத்தக்க இலக்குகளுக்குப் பொறுப்பேற்றார். மற்ற மருத்துவமனைகள் காகிதக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே இங்கே நோயாளியின் முழு வரலாறும் கணினித் திரையில் வந்தது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தோடு இந்த அமைப்பை ஒப்பிட்டது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 13 தரக் குறியீடுகளில் 12-இல் படைவீரர் அமைப்பே முந்தியிருந்தது.

தரத்துக்குப் பிறகு செலவு. ஒரு பொருளாதார மாணவனாக என்னை மிகவும் ஈர்த்த பகுதி இது. தனியார் மருத்துவமனையில் ஒவ்வொரு சேவைக்கும் ரசீது உண்டு. படைவீரர் மருத்துவமனையோ ஆண்டுக்கொருமுறை அரசு ஒதுக்கும் நிதியில் நடக்கிறது. பெரும்பாலும் ரசீதே இல்லை. அப்படியானால் ஓர் இதய அறுவைச் சிகிச்சைக்கு ஆகும் செலவு என்ன? கலிஃபோர்னியாவில் உள்ள சுகாதாரப் பொருளாதார மையத்தின் ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். ஒரு சிகிச்சையைவிட மற்றொன்று எத்தனை மடங்கு செலவு பிடிப்பது என்பதை மெடிகேரின் கட்டண விகிதங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு, எல்லாவற்றையும் கூட்டினால் அமைப்பின் உண்மையான மொத்தச் செலவு வரும்படி சரிசெய்கிறார்கள். இன்னொரு வழி, ஒவ்வொரு பிரிவிலும் செலவான ஊதியம், மருந்து, கருவி ஆகியவற்றைக் கீழிருந்து கூட்டிக்கொண்டு வருவது. இலவசமாகத் தரப்படும் சேவைக்கும் விலை உண்டு. அதை மறைக்காமல் கணக்கிட வேண்டும் என்பதே இவ்விரண்டுக்கும் அடிப்படை.

மருந்து விலையில் இந்த அமைப்பின் வலிமை வெளிப்படையாகவே தெரிகிறது. நாடு முழுமைக்கும் ஒரே மருந்துப் பட்டியல் வைத்துக்கொண்டு மொத்தமாகப் பேரம் பேசுவதும், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் கட்டாயத் தள்ளுபடியும் அதற்குக் காரணங்கள். 399 மருந்துகளை ஒப்பிட்ட அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு, 2017-இல் மெடிகேர் கொடுத்த விலையைவிடச் சராசரியாக 54 சதவீதம் குறைவாகவே படைவீரர் அமைப்பு கொடுத்தது என்று கணக்கிட்டது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்துகளை மொத்தமாக வாங்கும் முறையைக் கண்ட நமக்கு இந்தத் தர்க்கம் புதியதன்று.

இனி, மிகக் கடினமான கேள்வி. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டில் எதற்குப் போனால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்? அவரவர் விருப்பப்படி போகும்போது நேரடியாக ஒப்பிட இயலாது. நோயின் தன்மை, வருமானம், தூரம் என எத்தனையோ காரணங்கள் குறுக்கே நிற்கும். பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்ட், டேவிட் சான், லோவெல் டெய்லர் ஆகிய மூவரும் இதற்கு ஒரு நுட்பமான வழி கண்டனர். 65 வயதைக் கடந்த படைவீரர்கள் மெடிகேரிலும் சிகிச்சை பெறலாம். படைவீரர் மருத்துவமனைக்கும் செல்லலாம். அவசர அழைப்பு வரும்போது எந்த நிறுவனத்தின் ஆம்புலன்ஸ் வருகிறது என்பது பெரும்பாலும் தற்செயல். சில ஆம்புலன்ஸ்கள் படைவீரர் மருத்துவமனைக்கே அதிகம் கொண்டு செல்லும். சில தனியாருக்குக் கொண்டு செல்லும். எனவே ஒரே பகுதியைச் சேர்ந்த, ஒரே வகை நோயாளிகள், ஏறத்தாழச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரு பக்கமும் பிரிகிறார்கள்.

2023-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியான இந்த ஆய்வின் முடிவு பலரை வியக்க வைத்தது. படைவீரர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டவர்களிடையே 28 நாள் இறப்பு 46 சதவீதம் குறைவு. செலவும் 21 சதவீதம் குறைவு. நோயாளியின் பழைய வரலாறு கையில் இருப்பதும், சிகிச்சை ஒரே அமைப்புக்குள் தொடர்வதும் இதற்குக் காரணங்களாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இது முதியோருக்கான அவசர சிகிச்சை பற்றிய முடிவு மட்டுமே. எல்லா வயதினருக்கும், எல்லா நோய்களுக்கும் இதை நீட்டிவிடக் கூடாது. எனினும், 'அரசு மருத்துவமனை என்றால் மட்டம்' என்று ஆராயாமல் சொல்லும் பழக்கத்துக்கு இது தக்க மறுமொழி.

இவ்வளவு அளந்தவர்களும் சறுக்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மருத்துவரைச் சந்திக்க யாரும் 14 நாள்களுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஓர் இலக்கு வைக்கப்பட்டது. அதை எட்டுவதோடு நிர்வாகிகளின் ஊக்கத்தொகையும் பிணைக்கப்பட்டது. போதிய மருத்துவர்கள் இல்லாத இடங்களில் எண்ணைத் திருத்துவது எளிதாகிவிட்டது. 2014-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் மருத்துவமனையில், அதிகாரபூர்வக் காத்திருப்போர் பட்டியலிலேயே சேர்க்கப்படாமல் 1,700 படைவீரர்கள் விடப்பட்டிருந்ததைத் தலைமை ஆய்வாளர் கண்டறிந்தார். துறை அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். ஒரு குறியீடு இலக்காக்கப்பட்டதும் அது நல்ல குறியீடாக இருப்பதில்லை என்று பொருளாதாரத்தில் குட்ஹார்ட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. அதற்கு ஃபீனிக்ஸைவிடத் துயரமான எடுத்துக்காட்டு தேவையில்லை.

அறுவைச் சிகிச்சைக் கணக்கு பலனளித்தது. காத்திருப்புக் கணக்கு பொய்த்தது. ஏன்? முதலாவதைப் பதிவு செய்தவர்கள் அதற்கெனவே பயிற்சி பெற்ற செவிலியர்கள். குறை தெரிந்தால் திருத்துவதே அதன் நோக்கம். இரண்டாவதைப் பதிவு செய்தவர்கள், அந்த எண்ணால் பரிசோ தண்டனையோ பெறும் அதிகாரிகளின் கீழ் பணியாற்றியவர்கள். அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரே ஆனால், முதலில் வளைவது அளவுகோல்தான்.

ஃபீனிக்ஸ் நிகழ்வின் பின், படைவீரர்களை அரசுச் செலவில் தனியாரிடம் அனுப்ப 2014-லும், இன்னும் விரிவாக 2018-லும் சட்டங்கள் வந்தன. தொலைவில் வாழ்பவர்களுக்கு அது நன்மையே. ஆனால், நான்கு துறைகளில் காத்திருப்பை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, 2017-க்குள் மூன்றில் தனியாரைவிடப் படைவீரர் மருத்துவமனைகளில்தான் காத்திருப்பு குறைவு எனக் கண்டது. எலும்பு மருத்துவம் மட்டும் விதிவிலக்கு. ஒரு மோசடி செய்தியாகி மக்கள் மனத்தில் பதிகிறது. பிறகு வந்த முன்னேற்றம் ஆய்விதழ்களோடு நின்றுவிடுகிறது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் இந்தியாவில் 2003 ஏப்ரலில் தொடங்கியது. சொந்தப் பல்துறை மருத்துவ மையங்கள், உள்நோயாளிச் சிகிச்சைக்குப் படைத்துறை மருத்துவமனைகள், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகள் என்பது அதன் அமைப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் ஒரே நோய்க்குச் சிகிச்சை பெற முடிகிறது. ஒப்பிட இதைவிடச் சிறந்த வாய்ப்பு வேறென்ன வேண்டும்?

இத்தகைய திட்டங்களில் எத்தனை பேர் பயனடைந்தார்கள், எவ்வளவு கோடி செலவானது என்ற கணக்கை அடிக்கடி கேட்கிறோம். அவை செலவின் கணக்குகள். பலனின் கணக்குகள் அல்ல. சிகிச்சை பெற்றுச் சென்றவர் முப்பதாம் நாள் உயிருடன் இருக்கிறாரா, மீண்டும் அனுமதிக்கப்பட்டாரா, வேலைக்குத் திரும்பினாரா? இவற்றைக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அதை மருத்துவமனையோ காப்பீட்டு நிறுவனமோ அல்லாமல், பல்கலைக்கழகம் போன்ற மூன்றாவது அமைப்பு கேட்க வேண்டும். நோய்க் கடுமையைக் கணக்கில் கொண்டு, நோயாளியின் அடையாளம் வெளிப்படாமல் முடிவுகளை வெளியிட வேண்டும். குறை கண்ட இடத்தில் முதலில் தண்டனை வரக் கூடாது. மருத்துவரும் செவிலியரும் கருவியும் வர வேண்டும்.

நோய்க் கடுமையைக் கணக்கிடாமல் இறப்பு எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டால், மற்றவர்கள் கைவிட்ட நோயாளிகளையும் ஏற்றுக்கொள்ளும் அரசு மருத்துவமனைதான் முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். எந்தக் கணக்கும் வெளியிடாவிட்டால், விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிச் செல்லும் எளிய குடும்பம்தான் ஏமாறும். 'எப்படிப்பட்ட நோயாளிகள் வந்தார்கள், ஐயா?' என்ற பின்வரிசை மாணவரின் கேள்வியை நம் சுகாதாரத் துறையும் கேட்கத் தொடங்கினால் இரண்டையும் தவிர்க்கலாம்.