கொள்ளைக் கண்டும் வாய் திறக்காத குதிரை

குதிரைக்கும் அல்சர் வரும். ஆனால் வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே இறங்கிப் பார்க்கும் கருவியோ எல்லா ஊரிலும் கிடையாது.

திருப்பதி மாவட்டத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது நாராயணவனம். கல்யாண வெங்கடேஸ்வரரைக் கும்பிட வருகிறவர்கள் ஒரு கல்யாணக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். ஆகாசராஜனின் தலைநகரம் இது என்பது ஐதீகம். குதிரையேறி வேட்டைக்கு வந்த ஸ்ரீநிவாசர், யானை ஒன்றைத் துரத்திக்கொண்டு பத்மாவதியின் நந்தவனத்துக்குள் நுழைந்துவிட்டார். கோபம் கொண்ட பெண்கள் கல்லெடுத்து வீசினார்கள். குதிரை செத்து விழுந்தது. சுவாமி நடந்தே மலைக்குத் திரும்பினார். பிறகு கல்யாணம் நடந்தது, கதை சுபமாக முடிந்தது. செத்த குதிரையை யாரும் நினைப்பதில்லை.

அந்தக் குதிரைக்கு என்ன ஆனது என்று சொல்ல வைத்தியர் தேவையில்லை. கல்லடி வெளியே தெரியும். ஆனால் இன்று உழைக்கும் குதிரைகள் பலவற்றுக்கு இருக்கும் காயம் வெளியே தெரியாது. திருமலை பிரம்மோற்சவ ஊர்வலத்தில் முன்னால் நடக்கும் குதிரை, மெரினா மணலில் குழந்தைகளைச் சுமக்கும் மட்டக்குதிரை, மாப்பிள்ளை ஊர்வலக் குதிரை, பந்தயக் குதிரை என எதுவும் இதற்கு விலக்கில்லை. அந்தக் காயம் இருப்பது இரைப்பைக்குள். மனிதர்களிடத்தில் நாம் அல்சர் என்கிறோமே, அதுதான்.

‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கொள்ளைக் கண்டும் வாய் திறக்காத குதிரையைப் பற்றிப் பழமொழி எதுவும் சொல்லவில்லை. தொட்டியில் கொள்ளும் தவிடும் அப்படியே கிடக்க, ஓரமாகக் கிடக்கும் வைக்கோலை மட்டும் மென்றுகொண்டு நிற்கும் குதிரையைச் சொந்தக்காரர் ‘கொழுப்பு’ என்கிறார். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வந்தால் ‘முரடு’ என்கிறார். ஓட்டத்தில் பின்தங்கினால் ‘சோம்பேறி’. சாட்டை பேசத் தொடங்குவது இங்கேதான். வலி என்ற எண்ணம் கடைசியில்தான் வருகிறது.

ஓயாமல் சுரக்கும் அமிலம்

குதிரையின் உடம்புக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். மாட்டைப் போல ஒரே மூச்சில் மேய்ந்துவிட்டு, பிறகு படுத்து அசைபோடும் பிராணி அல்ல அது. ஒரு நாளில் 16 மணி நேரம்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கடித்துக்கொண்டே நடப்பதுதான் அதன் இயல்பு. இரைப்பையும் அதற்கேற்றபடி அமைந்திருக்கிறது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும்.

அந்த அமிலத்தை முறிப்பது உமிழ்நீர். மனிதனுக்குச் சாப்பாட்டு வாசனை வந்தாலே நாக்கில் நீர் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் ஊறும். லாயத்தில் கட்டிப்போட்டு, காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தானியத் தீனி வைத்தால் இடைப்பட்ட மணிகளில் மெல்ல எதுவும் இருப்பதில்லை. அமிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது.

இரைப்பையின் மேல் பகுதி, உணவுக்குழாயின் உட்புறத்தைப் போன்ற மெல்லிய தோல். அமிலத்தைத் தாங்கும் கவசம் அதற்கு இல்லை. கீழ்ப் பகுதிதான் சுரப்பிகள் நிறைந்தது, சளிப்படலத்தால் தன்னைக் காத்துக்கொள்வது. குதிரை பாய்ந்து ஓடும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, கீழே நிற்க வேண்டிய அமிலம் மேலே தெறிக்கிறது. பெரும்பாலான பந்தயக் குதிரைகளின் வயிற்றில் புண் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். ஹாங்காங்கில் பந்தயக் குதிரைகளின் வயிற்றைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்த மருத்துவர்கள் 1986-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு குதிரைகளுக்குப் புண் இருந்தது. பயிற்சியில் இருந்த குதிரைகளை மட்டும் கணக்கிட்டால் 80 சதவீதம்.

மூன்று மீட்டர் குழாய்

செத்த பிறகு தெரிந்து என்ன பயன்? உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்கும் வழிதான் பிரச்சினை. ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிக் கொடுக்காது. சாணத்தில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. இரைப்பையிலிருந்து வெளியே வர நீண்ட குடல் வழி இருக்கிறது. சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து, புண் வழியாக அது ரத்தத்தில் கசிகிறதா என்று பார்க்கும் முறையையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நேரில் பார்ப்பதற்கு அது ஈடாகவில்லை.

ஆக, ஒரே வழி எண்டோஸ்கோப். மனிதருக்குப் பயன்படும் குழாய் எட்டாது. வளர்ந்த குதிரையின் இரைப்பையை முழுதாக, குடல் தொடங்கும் வாசல் வரை பார்க்கச் சுமார் 3 மீட்டர் நீளக் குழாய் வேண்டும். முந்தைய நாளே தீனியை நிறுத்தி 12 முதல் 16 மணி நேரம் பட்டினி போடுகிறார்கள். இல்லையென்றால் புல்லைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. லேசான மயக்க ஊசி போட்டதும் குதிரை நின்றபடியே தலையைத் தொங்கப் போடும். மூக்கின் வழியாகக் குழாய் தொண்டைக்குப் போகும். குதிரை விழுங்கும் நேரம் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் உணவுக்குழாய்க்குள் செலுத்த வேண்டும். பிறகு காற்றை நிரப்பி இரைப்பையை விரித்தால் புண்கள் திரையில் தெரியும்.

மேல் பகுதிப் புண்ணுக்கு மருத்துவர்கள் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 0 என்றால் நல்ல தோல். 1 என்றால் தோல் தடித்திருக்கிறது, புண் இல்லை. 2 என்றால் சிறு புண்கள். 3 என்றால் பெரிய அல்லது பரவலான மேலோட்டப் புண். 4 என்றால் பரவி ஆழமாகவும் இறங்கிவிட்டது. கீழ்ப் பகுதிப் புண்ணை இப்படி எண்ணால் அளக்கக் கூடாது, அதன் இடத்தையும் தோற்றத்தையும் விவரித்து எழுத வேண்டும் என்று ஐரோப்பியக் குதிரை மருத்துவர்கள் 2015-ல் வகுத்த வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது அவர்கள் கருத்து.

இத்தனை சிரமம் ஏன் என்றால், அறிகுறியும் புண்ணும் ஒத்துப்போவதில்லை. 4 மதிப்பெண் வாங்கிய குதிரை ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். இளைத்து, மயிர் மங்கி நிற்கும் குதிரையின் வயிறு சுத்தமாக இருக்கும். அதன் கோளாறு பல்லில் இருக்கலாம், குடற்புழுவாக இருக்கலாம், கடற்கரைக் குதிரையென்றால் தீனியோடு விழுங்கிய மணலாகவும் இருக்கலாம். குதிரைக்கு வாந்தி வராது என்பதால் அந்தத் துப்பும் கிடைக்காது. பால் குடிக்கும் குட்டிகள் பல்லை நறநறவென்று கடிப்பதும், எச்சில் வடிப்பதும், மல்லாந்து படுப்பதும் மட்டும் சற்றுத் தெளிவான எச்சரிக்கை. குட்டிகளுக்கு இரைப்பை துளைத்துக்கொண்டு உயிர் போவதும் உண்டு.

கருவி இல்லாத ஊரில்

நம் நாட்டில் குதிரை வைத்தியம் புதிதல்ல. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் 1952-ல் படங்களோடு வெளியிட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. நாராயணவனத்துக்கு அருகிலேயே, திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் குதிரைதான் குறைந்துகொண்டே வருகிறது. 2012 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019-ல் 3.4 லட்சமாகிவிட்டன. சில குதிரைகளே உள்ள ஊரில், மாட்டையும் ஆட்டையும் பார்க்கும் மருத்துவமனையில் 3 மீட்டர் குழாயை எதிர்பார்க்க முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில் மருத்துவர் முதலில் பல், புழு, மணல் ஆகியவற்றைப் பார்த்து விலக்குகிறார். பிறகும் சந்தேகம் இருந்தால் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறார். குதிரைக்கென்று தயாரான ஒமிப்ரசோல் பசைக்கு அமெரிக்கா 1999-ல் அனுமதி தந்தது. சிகிச்சை வழக்கமாக 28 நாள். மேல் பகுதிப் புண்கள் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். கீழ்ப் பகுதிப் புண்ணுக்கு அது மட்டும் பல சமயம் போதாது, சுக்ரால்ஃபேட்டும் சேர்க்க வேண்டியிருக்கும். குணம் தெரிந்தால் அல்சர் என்று ஊகிக்கலாம். அது ஊகம்தான், நிரூபணம் அல்ல.

இங்கே ஒரு தவறு நடக்க வாய்ப்புண்டு. செலவு மிச்சம் என்று மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கான ஒமிப்ரசோல் கேப்சூலை வாங்கிப் பொடித்துத் தீனியில் கலப்பது வீண். பாதுகாப்பு உறை உடைந்தால் வயிற்று அமிலமே அந்த மருந்தை அழித்துவிடும். இன்னொரு தவறு, நொண்டும் குதிரைக்கு ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலி மருந்தை அளவில்லாமல் கொடுப்பது. கால் வலி அடங்கும், வயிற்றில் புண் வரும்.

மனித அல்சருக்கு ஹெலிகோபாக்டர் என்ற கிருமிதான் முக்கியக் காரணம் என்று கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. குதிரையின் புண்ணுக்கு அப்படி ஒரு கிருமி காரணம் என்று நிரூபணமாகவில்லை. குதிரையின் மேல் பகுதிப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் நாம் அதை வைத்திருக்கும் விதம்.

எனவே தடுப்பும் நம் கையில்தான் இருக்கிறது. லாயத்தில் எந்நேரமும் மெல்லப் புல் இருக்கட்டும். தானியத்தைச் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம். குதிரை மசாலில் உள்ள கால்சியம் அமிலத்தை ஓரளவு முறிக்கிறது. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தப் பசுந்தீவனம் நம் வயல்களில் விளைவதுதான். சவாரிக்கு முன் வெறும் வயிற்றோடு ஓட்டாமல் சில கைப்பிடி புல்லைத் தின்னவிட்டால், அது இரைப்பையில் பாய் போலப் பரவி அமிலம் மேலே தெறிப்பதைத் தடுக்கும்.

மட்டக்குதிரை ஒன்றை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரருக்கு 3 மீட்டர் குழாய் எட்டாமல் போகலாம். தொட்டியில் மிஞ்சிக் கிடக்கும் கொள்ளு அவர் கண்ணுக்குத் தெரியும். சாட்டையை எடுக்குமுன் அதைப் பார்த்து, குதிரையைக் கால்நடை மருத்துவரிடம் ஓட்டிப் போனால் போதும்.