பல் புளோரோசிசு

பல் புளோரோசிசு என்பது பல் முளைப்பதற்கு முன்பே மிகையான புளோரைடு உடலில் சேர்வதால் பற்சிப்பியில் உண்டாகும் வெண்புள்ளி அல்லது பழுப்புக் கறை ஆகும். கொங்கு நாட்டின் சேலம், தருமபுரிப் பகுதிகளில் நிலத்தடி நீரைக் குடித்து வளர்ந்தோரிடம் இது காணப்படுகிறது. குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு 2013 இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆயினும், முளைத்துவிட்ட பல்லின் கறையை நல்ல நீர் போக்காது.

கரித்தூளால் தேய்த்தால் பற்சிப்பிதான் தேயும். மேலோட்டமான கறைக்கு, மருத்துவர் அமிலப் பசையிட்டு மெல்லத் தேய்ப்பதும் வெளுப்பூட்டலும் பெரும்பாலும் போதும். ஆழ்ந்த கறைக்கே பல்லைச் சீவி, வெனீர் எனப்படும் மெல்லிய பீங்கான் ஓட்டை ஒட்டுவர். சீவிய பற்சிப்பி மீண்டும் வளராது. எனவே எடுத்த எடுப்பிலேயே வெனீரைப் பரிந்துரைக்கும் மருத்துவரிடம், எளிய முறை ஏன் போதாது எனக் கேட்டறிதல் நன்று.