வீட்டுக் கணக்கும் டேலி ஆகணும்



குழுக் கணக்கில் 5 ரூபாய் இடித்தாலும் கூட்டம் முடிந்து எழுந்திருக்காமல் தேடுகிறோம். சொந்தப் பணத்தில் 500 குறைந்தால் மட்டும் "எங்கேயோ செலவாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம்!

சென்ற ஜூனில் நம் உறுப்பினர் ஒருவருடைய வங்கிக் கணக்கில் 456 ரூபாய் குறைந்தது. போன் எந்நேரமும் மகன் கையில்தான் இருக்கும். அவன்தான் எடுத்தான் என்று அடித்தே விட்டார். நாங்கள் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்தோம். ஜீவன் ஜோதி காப்பீடு 436, சுரக்ஷா விபத்துக் காப்பீடு 20. வருடாவருடம் மே கடைசியில் வங்கியே பிடித்துக்கொள்ளும் தொகை. சம்மதக் கையெழுத்தும் அவர் போட்டதுதான். (அன்று சாயங்காலம் பையனுக்குப் பரோட்டா கிடைத்ததாம்.)

அந்த அக்கா இப்போது செல்போனில், செலவு எழுதும் ஆப்பில், கணக்கு வைக்கிறார். நம்ம ரொக்கப் புத்தகம் மாதிரிதான் அதுவும். கை ரொக்கம், வங்கி என்று இரண்டு தலைப்பு. இரண்டிலும் முதலில் ஆரம்ப இருப்பைப் போடணும்.

பலர் தவறுவது ஒரு இடத்தில்தான். கையில் ஒன்றுமில்லை, வங்கியில் 3,200 இருக்கிறது. ஏடிஎம்மில் 2,000 எடுக்கிறீர்கள். இது செலவு இல்லை! வங்கியிலிருந்து கைக்கு மாறிய பணம். அதை மாற்றம் என்றுதான் பதியணும். பிறகு மளிகைக்கு 350 கொடுத்தால் அதுதான் செலவு. கையில் 1,650, வங்கியில் 1,200, ஆக 2,850. எடுத்த 2,000-ஐயும் செலவில் எழுதினால் ஆப் 850 என்று காட்டும், நமக்கு வயிற்றைக் கலக்கும்.

வாரம் ஒருநாள் பர்ஸை எண்ணுங்கள், மாதம் ஒருமுறை பாஸ்புக் பதிவு போடுங்கள். நாம் எழுதியதுதான் ஆப்புக்குத் தெரியும். வங்கி பிடித்தது அதற்குத் தெரியாது. வித்தியாசம் வந்தால் எழுத மறந்ததா, இரண்டு முறை எழுதியதா, வங்கி பிடித்ததா என்று பாருங்கள். "இதர செலவு" போட்டுச் சரிக்கட்டாதீர்கள். குழுக் கணக்கில் அப்படிச் செய்தால் நாம் சும்மா விடுவோமா? உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கியில் சொல்லுங்கள். மோசடி என்றால் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

செலவு எழுத ஏடிஎம் பின் நம்பரோ ஓடிபியோ தேவையில்லை. கேட்கிற ஆப்பை அழித்துவிடுங்கள். கடன் தருகிறோம் என்று நடுவில் வருவதையும் தொடவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குப் போனோடு, பதிவு போட்ட பாஸ்புக்கையும் எடுத்து வாங்க. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.